எவென்ஸ்டாட் நாட்குறிப்பு, 47-ஆம் நாள்: நூறு வட்டங்களில் பதினான்கு

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

காலை ஏழரை மணிக்கு விடுதிக் கதவைத் திறந்தபோது முழுதாக விடிந்திருக்கவில்லை. க்ளொம்மா ஆற்றின் மேல் மூடுபனி அசையாமல் கிடந்தது. உறைந்த புல் காலடியில் நொறுங்கியது. நார்வேயின் மிக நீளமான ஆறான க்ளொம்மா, கிழக்கு நார்வேயின் ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதன் கரையில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் எவென்ஸ்டாட் வளாகம் இருக்கிறது. இரு பக்கமும் பைன் காடு. இங்கு வந்த புதிதில், பைன் மரங்களுக்கு அடியில் தரை வெளிறிக் கிடப்பதைப் பார்த்துப் பனி என்றே நினைத்தேன். குனிந்து தொட்டபோதுதான் அது பாசிபோல் மெத்தென்று படர்ந்த லைக்கன் என்று தெரிந்தது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வதால், அதன்மீது நடக்கும்போது எனக்குக் கால் கூசுகிறது.

இந்தக் காட்டில் எல்க் ஏராளம். அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் அதே விலங்குதான்; நம் கடமானைவிட உயரமும் எடையும் மிகுந்தது, மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. நார்வே முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 எல்க்குகள் வேட்டையில் சுடப்படுகின்றன என்றால், காட்டில் எத்தனை இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் நான் வந்திறங்கிய இந்த நாற்பத்தேழு நாட்களில் கண்ணால் கண்டது மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று, ரயில் சன்னலில் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. இன்று நடந்த எல்லா வகுப்புகளும் இந்த ஒரு சிக்கலைப் பற்றியவைதாம்: கண்ணில் படாத விலங்கை எப்படி எண்ணுவது?

வகுப்பு சரியாக எட்டேகாலுக்குத் தொடங்கியது. நாற்பத்தைந்து நிமிடம் பாடம், பதினைந்து நிமிடம் இடைவேளை என்பது இங்குள்ள வழக்கம். காலணிகளை வாசலில் விட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே போக வேண்டும். பேராசிரியரும் அப்படியே வந்து நிற்கிறார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. கேள்வி கேட்கும்போது பெயரை விழுங்கிவிட்டு நேராகக் கேள்விக்குப் போய்விடுகிறேன்.

முதல் வகுப்புக்கு அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதைகளைக் கொண்டுவந்திருந்தார். எத்தனை விதைகள் என்று எண்ணாமலே சொல்ல வேண்டும். என் பக்கத்தில் அமரும் நேபாளத்துத் தோழி கைவிட்டு அள்ளிய விதைகளில் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தோம். அவற்றைத் திரும்பப் போட்டு, பாத்திரத்தை நன்றாகக் குலுக்கினோம். பிறகு பார்க்காமல் நாற்பது விதைகளை எடுத்தேன்; அவற்றில் எட்டில் புள்ளி இருந்தது. எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறியிட்டவை என்றால், பாத்திரம் முழுவதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த முப்பதும் என்று கொள்ளலாம். ஆக மொத்தம் 150. பிறகு கொட்டி எண்ணினோம்: 171. நாங்கள் முகத்தைச் சுருக்கியதைப் பார்த்த பேராசிரியர், நாற்பது விதைகளைத் தொட்டே இவ்வளவு நெருங்கிவிட்டீர்களே என்றார்.

டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீட்டர்சன் 1896-இல் மீன்களுக்குப் பயன்படுத்திய கணக்கு இது. 1930-இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர், கால்வளையமிட்ட வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தன என்பதைக் கொண்டு இதே வழியில் நாட்டின் வாத்துகளைக் கணக்கிட்டார். இன்றும் இந்த முறைக்கு அவ்விருவர் பெயரும்தான்.

ஆனால் இன்று என் மனத்தில் தைத்தது இரண்டாவது பாத்திரம். அதிலும் அதே எண்ணிக்கையில் விதைகளைப் போட்டிருந்தார். ஆனால் குறியிட்ட முப்பதும் வேறு வகை, சற்றுப் பருத்த விதைகள். கைவிட்டு எடுத்தால் பருத்தவைதான் விரலில் எளிதாகச் சிக்கின. நாற்பதில் பதின்மூன்று குறியிட்டவை வந்தன. கணக்குப் போட்டால் 92. பாத்திரத்தில் உண்மையில் இருந்ததில் பாதியைச் சற்றே தாண்டிய எண். கூண்டில் வைக்கும் இரைக்குப் பழகிப்போன எலி மீண்டும் மீண்டும் கூண்டுக்கே வருவது போலத்தான் இது. எல்லா விலங்குக்கும் அகப்படும் வாய்ப்பு சமம் என்று நாம் வைத்துக்கொண்ட எண்ணம் உடைந்துவிட்டால், கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலே விடை பொய்யாகிவிடும். சூத்திரத்தை ஊரில் படித்தபோதே நான் மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பருத்த விதைகளை விரல்களில் உணர்ந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

அந்த வகுப்பின் இறுதியில் திரையில் ஒரு புலி தோன்றியது. கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த், தானியங்கிக் கேமராக்களில் பதிந்த புலிகளை அவற்றின் வரிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டு, இதே பிடித்தல், மீண்டும் பிடித்தல் கணக்கை அவற்றுக்குப் பயன்படுத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வு. உலகெங்கும் இன்று சிறுத்தையையும் பனிச்சிறுத்தையையும் இவ்வழியில் எண்ணுகிறார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது, நான் கை தூக்கி, அந்தக் காடும் பந்திப்பூரும் என் ஊரான முதுமலையும் இடைவெளியில்லாத ஒரே காடு என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஓநாய்க்கு வரி கிடையாது. இரண்டாவது வகுப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. எந்த ஓநாய் எது என்று தெரிய வேண்டுமென்றால், பனியில் அதன் தடத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து சென்று, அது விட்டுச்சென்ற மலத்தைப் பொறுக்கி, அதிலுள்ள மரபணுவைப் படிக்க வேண்டும். நார்வேயும் சுவீடனும் ஒவ்வொரு குளிர்காலமும் சேர்ந்து செய்யும் இந்த வேலையால், ஸ்காண்டிநேவிய ஓநாய்களின் குடும்பக் கொடிவழி பாட்டன், பூட்டன் வரை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காட்டு விலங்கின் மக்கள்தொகையை இவ்வளவு நெருக்கமாக அறிந்த இடம் உலகில் அரிது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கொடிவழி சொல்லும் கதை மனத்தைக் கனக்கச் செய்வது. சுவீடன் 1966-இல் ஓநாயைச் சுடத் தடை விதித்தபோது, ஏறக்குறைய எல்லாமே முடிந்துபோயிருந்தன. பிறகு 1983-இல், நார்வே எல்லையை ஒட்டிய சுவீடனின் வார்ம்லாண்ட் பகுதியில் ஒரு சோடி குட்டி ஈன்றது. அவ்விரண்டும் பழைய ஓநாய்களின் வழிவந்தவை அல்ல, பின்லாந்து, ரஷ்யப் பக்கத்திலிருந்து நெடுந்தொலைவு நடந்து வந்தவை என்பதை மரபணு காட்டியது. அடுத்த சில தலைமுறைகளுக்கு அந்த ஒரே கூட்டத்துக்குள்தான் இனப்பெருக்கம், உறவுக்குள் உறவு. எண்ணிக்கை பத்தைத் தாண்டத் திணறியது. 1991 வாக்கில் கிழக்கிலிருந்து மேலும் ஒரே ஓர் ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. அதன் பின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. அண்மைக் காலத்தில் இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 400 முதல் 500 வரை இருக்கின்றன. ஆயினும் உடன்பிறந்தவை இரண்டு கூடிப் பெற்ற குட்டிகளுக்கு இருக்கும் அளவு உறவு நெருக்கம் இன்றும் பல ஓநாய்களில் இருக்கிறது. முதுகெலும்பில் குறையோடு பிறப்பவையும் உண்டு.

வகுப்பில் இதை ஒட்டி நீண்ட விவாதம் நடந்தது. நார்வேயில் கோடையில் சுமார் இருபது இலட்சம் ஆடுகள் மேய்ப்பவர் இல்லாமல் மலையிலும் காட்டிலும் திரிகின்றன. ஆகவே ஓநாய் இருக்கலாம் என்று ஒதுக்கப்பட்ட பகுதி நாட்டின் தென்கிழக்கு மூலையில் மட்டும்தான். அதற்கு வெளியே ஓநாய் காலூன்ற விடுவதில்லை. எங்கள் வகுப்பின் நார்வே மாணவர்களில் ஒருவர் ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் குரலை உயர்த்தவில்லை. எண்களோடு எனக்குச் சண்டையில்லை, அந்த எண்ணைத் தீர்மானிப்பவர்கள் எங்களைக் கேட்பதில்லை என்பதே என் வருத்தம் என்றார். கூடலூர்ப் பக்கம் யானை வந்த மறுநாள் வாழைத் தோட்டத்தில் நின்று பேசியவர்கள் என் கண்முன் வந்துபோனார்கள். நான் ஓநாய்கள் பெருக வேண்டும் என்று விரும்புகிறவள்; ஆனாலும் அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மூன்றாவது வகுப்பு சுருக்கமானது. குளிர்காலத்தில் வெண்ணிறமாக மாறும், கௌதாரியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பறவையை இங்கே ரீப்பே என்கிறார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் தன்னார்வலர்கள் வேட்டை நாய்களோடு மலைவெளியில் நேர்கோடாக நடந்து இவற்றை எண்ணுகிறார்கள். நாய் மூக்கை நீட்டி அசையாமல் நின்றால், அங்கே புதரில் பறவை இருக்கிறது என்று பொருள். அது எழும்பிய இடம் நாம் நடக்கும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ள வேண்டும். கோட்டின் மேலேயே இருப்பவற்றைத் தவறவிட மாட்டோம். தள்ளிப்போகப் போகத் தவறவிடுவது கூடும். அந்தத் தூரங்களின் வரிசையே நாம் எத்தனையைத் தவறவிட்டோம் என்று சொல்லிவிடும். வேட்டைக்கு எத்தனை பறவை அனுமதி என்பதையும் அதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

பதினொன்றரைக்கு மதிய உணவு. எல்லாரும் வீட்டிலிருந்து கட்டிவந்த ரொட்டித் துண்டுகளை, பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி வைத்து, குளிராகவே சாப்பிடுகிறார்கள். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். தோழி பாதி வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல்தான் எனக்கு இந்த நாளின் முக்கியப் பகுதி. எல்லாரும் செம்மஞ்சள் மேலாடை அணிந்து காட்டுக்குள் போனோம். செப்டம்பர் 25 முதல் எல்க் வேட்டைக் காலம். இன்று எந்தக் குழு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பேராசிரியர் முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தார். ஆற்றுக்கு அப்பாலிருந்து இரண்டு முறை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருங்கியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில், வேட்டைத் தடுப்புக் காவலராக முதுமலையில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒருவரின் மகள் நான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும், அல்லது அந்தத் திசை நோக்கிப் போக வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் பழக்கம். ஆனால் இங்கே ஒவ்வொரு வேட்டைக்காரரும் அன்றன்று பார்த்த எல்க்குகளை, கன்று, பசு, காளை என்று பிரித்து எழுதித் தருகிறார். பல இடங்களில் சுட்ட விலங்கின் கீழ்த்தாடையையும் அனுப்புகிறார். பல்லின் வேரைக் குறுக்கே அறுத்தால் மர வளையம் போல ஆண்டு வளையங்கள் தெரியும். அதிலிருந்து வயது கிடைக்கும். நார்வே மக்களுக்கு எல்க்கைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த வேட்டைக்காரர்கள் வழியாக வந்தது. அதை மதிக்கிறேன், அந்தச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் வேலை புழுக்கை எண்ணுவது. 3.99 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு முனையை நடுக்குச்சியில் கட்டிச் சுற்றி நடந்தால், சரியாக 50 சதுர மீட்டர் வட்டம் கிடைக்கும். அதற்குள் உள்ள எல்க் புழுக்கைக் குவியல்களை எண்ணிப் பதிந்துகொண்டு, பிறகு ஒன்றுவிடாமல் பொறுக்கி வட்டத்துக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். பனி பெய்யும், உருகும். மே மாதத்தில் திரும்ப வந்து பார்க்கும்போது வட்டத்துக்குள் கிடப்பவையெல்லாம் இந்தக் குளிர்காலத்தில் விழுந்தவை.

குளிர்காலப் புழுக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலந்தைப்பழ அளவு, நீள்வட்டம், எடையே இல்லை. உடைத்தால் உள்ளே மரத்தூள் போல் இருக்கிறது. எல்க் குளிர்காலம் முழுவதும் பைன் நுனிகளையும் பிர்ச், வில்லோ சுள்ளிகளையும் தின்று வாழ்வதால், நாற்றம்கூட இல்லை. தச்சுப் பட்டறையின் வாசனை. இது சென்ற ஆண்டுக் குளிர்காலத்தினுடையது அல்லது அதற்கும் முந்தியது என்றார் பேராசிரியர். முதுமலையில் யானை லத்தி விழுந்த சில நிமிடங்களில் சாண வண்டுகள் வந்துவிடும். பிறகு கறையான், பிறகு மழை. எத்தனை நாளில் கரைகிறது என்று தெரியாமல் அங்கே லத்திக் கணக்குப் போடவே முடியாது. இங்கே குளிர் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறது. அதனால்தான் பழையதைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிமையானது, அதன் எளிமையில்தான் நான் மயங்கிப்போனேன். ஓர் எல்க் நாளொன்றுக்குச் சுமார் பதினான்கு குவியல் போடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இப்போதிலிருந்து மே வரை இருநூறு நாள் என்றால் 2,800 குவியல். ஒரு சதுர கிலோமீட்டரில் எங்கள் வட்டங்கள் 20,000 அடங்கும். ஆக, சதுர கிலோமீட்டருக்கு ஓர் எல்க் வாழும் காட்டில், நூறு வட்டங்களைத் தேடினால் கிடைக்க வேண்டியது பதினான்கே குவியல். மீதி வட்டங்கள் பெரும்பாலும் வெறும் வட்டங்கள்தாம். அந்த வெறுமையும் சேர்ந்தால்தான் ஓர் எல்க்.

எங்கள் குழுவுக்குப் பதினாறு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட்டு ஜிபிஎஸ்ஸில் இருந்தது. ஏழாவது புள்ளி முழங்கால் வரை நீர் ஊறும் சதுப்பில் போய் விழுந்தது. பத்து மீட்டர் தள்ளி, மேட்டில், பிர்ச் கன்றுகளுக்கு நடுவே நல்ல உலர்ந்த இடமும் அங்கே நான்கைந்து குவியல்களும் தெரிந்தன. எங்களோடிருந்த ஜெர்மானிய மாணவர் அந்த மேட்டைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பேராசிரியர் எதுவும் சொல்லாமல் சதுப்புக்குள் இறங்கிக் குச்சியை ஊன்றினார். நீரும் பாசியுமாக இருந்த அந்த வட்டத்தைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழுதாகச் சுற்றித் தேடினோம். ஒன்றுமில்லை. தாளில் 0 என்று எழுதினேன்.

எழுதும்போது என் கை நின்றது குளிரால் அல்ல. இளங்கலை இறுதியாண்டில் நான் யானை லத்திக் கணக்கெடுப்பு ஒன்று செய்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இருபது கோடுகள். அவற்றில் நான்கு, உண்ணிச்செடிப் புதர் அடர்ந்து கிடந்த பகுதிக்குள் விழுந்தன. உள்ளே நுழைவதே பாடு, நுழைந்தாலும் எதுவும் அகப்படவில்லை. பூச்சியமாக எழுதினால் வேலை செய்யாதவள் போலத் தெரியுமே என்று அஞ்சி, அந்த நான்கு கோடுகளையும் பக்கத்திலிருந்த யானைத்தடத்தை ஒட்டி நகர்த்திக்கொண்டேன். லத்தி நிறையக் கிடைத்தது. அறிக்கையும் நன்றாக வந்தது என்று பாராட்டினார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை; அது ஏமாற்று என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பருத்த விதையை நானே பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறேன் என்பது இன்று அந்தச் சதுப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது.

மொத்தம் பதினாறு வட்டங்களில் பன்னிரண்டில் பூச்சியம். மீதி நான்கில் ஆறு குவியல்கள். அவை கோடைக்கும் பழைய குளிர்காலங்களுக்கும் உரியவை. எண்ணிப் பதிந்து அகற்றிவிட்டோம். ஐந்து மணிக்குத் திரும்பும்போது ஆற்றின் மேல் மீண்டும் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஐந்தரைக்கு வீட்டுக்கு அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பது. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டு முடித்ததும் அப்பா வாங்கிக்கொண்டார். வட்டங்களைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன எடத்துல ஒண்ணுமில்லம்மா?" என்றார். பன்னிரண்டு என்றேன். "அத எழுதினியா?" என்றார். எழுதினேன் என்றேன். பிறகு அந்த நான்கு கோடுகளைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "அந்த எடம் எனக்குத் தெரியும். மழை விட்டதும் போயி நடந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இரவு பழைய கோப்புகளைத் தேடி எடுத்தேன். நகர்த்தப்பட்டவை 6, 11, 12, 17 ஆகிய கோடுகள். எந்தக் கோட்டை எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் நகர்த்தினேன் என்பதைக் களக் குறிப்பேட்டின் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதி, அந்த நான்கையும் நீக்கி அடர்த்தியை மீண்டும் கணக்கிட்டேன், குறைந்துவிட்டது. அந்தத் தரவை வேறு யாரேனும் எடுத்துப் பயன்படுத்துவதற்கு முன் தெரிய வேண்டும் என்று, அப்போது எனக்கு வழிகாட்டியாக இருந்த ஐயாவுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன். மணி பதினொன்று. நாளை காலை எட்டேகாலுக்கு ஆற்றின் மறுகரையில் இன்னும் பதினாறு வட்டங்கள்.